வரப்பு என்று நினைத்தேன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதி வேறு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்த சமயம். திண்டிவனம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மருமகள் என்னை விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போனாள். இடது மார்பில் கட்டி. பல மாதம் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தேன். முதுகு தேய்த்துவிட வந்த மருமகள்தான் பார்த்துவிட்டாள். சோதித்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது.

வலி இல்லை. கட்டியைச் சுற்றிச் சதை மட்டும் கெட்டியாகிக்கொண்டே வந்தது. அதில் எனக்கு ஒரு தைரியம். வரப்பை மிதித்துக் கெட்டியாக்கினால் தண்ணீர் அடுத்த கழனிக்குப் போகாது அல்லவா? அதுபோல உடம்பே வரப்பு போட்டு நோயை நிறுத்தி வைத்திருக்கிறது, கத்தி பட்டால் உடைத்துக்கொண்டு பரவிவிடும் என்று நம்பினேன்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். மார்பையே எடுக்க வேண்டும் என்றார்.

"வாணாம்மா. சுத்தி வரப்பு மாதிரி கெட்டியா நிக்கிது. அத்தத் தொடாதீங்க" என்றேன்.

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். "பஸ்ஸுல வர்ற வரைக்கும் இதே பாட்டுதாங்க டாக்டர். எங்க அத்தை உடம்புக்குள்ளயே கழனி வச்சிக்கினு இருக்காங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "மழை பேஞ்ச கழனியில லாரி ஓடுமாம்மா?" என்று கேட்டார்.

"ஓடாதும்மா. பதிஞ்சிடும்."

"பதிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

அந்த அறுவடையிலேயே மூட்டை ஏற்றிய லாரி சேற்றில் இறங்கிவிட்டது. என் மகன் பலகைகளை வரிசையாகப் போட்டான். ஒரே மூச்சில் ரோட்டுக்கு ஏறிவிட்டது. அதைச் சொன்னேன்.

"அதேதாம்மா. இந்த நோய் சுத்தியிருக்கிற சதையில உள்ள நாரை இழுத்து, கெட்டியாக்கி, நேரா அடுக்கிடும். அப்புறம் அது மேலயே ஏறி வெளிய போவும். உங்களுக்கு இருக்கிறது வரப்பு இல்ல, பலகை."

எது தடுக்கிறது என்று நம்பினேனோ அதுவே வழி விட்டுக்கொண்டிருக்கிறது. அப்போதும் வாயில் 'சரி' வரவில்லை. இந்த வயசில் ஒரு பக்கம் இல்லாமல் ரவிக்கை போட்டு நாலு பேர் எதிரில் எப்படி நிற்பது என்ற வெட்கம். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

பக்கத்தில் கோட்டக்குப்பத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மா. மருமகள் புலம்பியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், என் கையைப் பிடித்துத் தன் துப்பட்டிக்குள் கொண்டுபோய் நெஞ்சில் வைத்தார். அங்கே மார்பு இல்லை. தட்டையாக, சூடாக இருந்தது. நெஞ்சு துடிப்பது என் உள்ளங்கையில் தெரிந்தது.

"எனக்கும் எடுத்தாச்சுக்கா. எம்பேரன் இதுமேல தலை வச்சிக்கினுதான் தூங்குறான். அவனுக்கு ஒரு கொறையும் தெரில. ஜல்தியா உள்ள போயி சரின்னு சொல்லுங்க. எனக்கு பஸ்ஸு போயிடும், பேஜாரு பண்ணாதீங்க!"

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. எழுந்து உள்ளே போய், "எடுத்துடுங்கம்மா" என்றேன். திரும்பி வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. பேர்கூடக் கேட்கவில்லை.

ஆபரேஷன் ஆயிற்று. எடுத்த சதையின் ஓரத்தில் நோய் இல்லை என்றார்கள். ஊசி மருந்தில் கொட்டின முடி முளைத்துவிட்டது. இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த பெஞ்சில் சற்று நேரம் உட்காருவேன். யாராவது அழுதுகொண்டு வந்தால் என் கையும் இருக்கட்டும் என்று.

டாக்டரம்மா சொன்ன விஷயத்தை நான் மாற்றி எழுதியிருந்தால், விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துப் போடுங்கள். அந்த அம்மாவின் நெஞ்சுச் சூட்டை மட்டும் நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.