பாதியில் நின்ற கோப்பு

லோகேஸ்வரி மலேசியாவில், கிள்ளான் பக்கத்து மேருவில் வளர்ந்தவள். அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டினார். படிப்பு முடிந்ததும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. காலையில் கிள்ளானிலிருந்து ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. கல்யாணப் பேச்சை எடுத்தால் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவாள். அவளுக்கென்று மனம்விட்டுப் பேச இருந்த ஒரே கூட்டாளி மலர். பாலர் பள்ளியிலிருந்து ஒரே பஸ், ஒரே பெஞ்சு. கணக்கில் மலர்தான் கெட்டிக்காரி. ஆனால் அவள் கையுறைத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வருடத்தில் விஜயனைக் கட்டிக்கொண்டு செமினிக்குப் போய்விட்டாள். விஜயனுக்கு அங்கே கைப்பேசி விற்று, பழுதுபார்க்கும் கடை.

மகள் யஷ்வினி பிறந்த பிறகு மலர் பேசுவது குறைந்தது. வாட்சாப்பில் எது அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல்தான் திரும்பி வரும்.

விஷயம் தெரிந்தது பத்துமலை முருகன் கோயிலில். மூன்று வயதுக் குழந்தைக்கு முடி இறக்க வந்திருந்தார்கள்; லோகேஸ்வரியையும் அழைத்திருந்தார்கள். விஜயன் யஷ்வினியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் படியேறினான். பார்க்கிறவர்களுக்கு அது அழகான காட்சி. பின்னால் மூச்சு வாங்குவதுபோல் நின்ற மலர், லோகேஸ்வரியிடம் கையைத் திருப்பிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே நீலம் பாரித்திருந்தது.

"ஏன்டி எனக்கு சொல்லல?"

"எப்படி சொல்றது? என் போன்ல இருக்கிறது முழுசும் அவர் பார்வையிலதான் இருக்கு. மெசேஜ், போட்டோ, அழிச்சது எல்லாம் எடுத்துப் பார்ப்பாரு. அவர் தொழிலே அதுதானே. ஒரு தடவை கண்ணாடியில போட்டோ எடுத்து வச்சேன். சாயந்திரமே கேட்டாரு, யாருக்கு அனுப்பப் போறேன்னு."

"போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணுலா."

"வெறுங்கையோட போயி நின்னா என்னடி நடக்கும்? வீட்டுக்குத்தான் திரும்பி வரணும்."

மேலிருந்து விஜயன் திரும்பிப் பார்த்தான். மலர் சிரித்துக்கொண்டே படியேறினாள். அந்தச் சிரிப்பை லோகேஸ்வரியால் மறக்க முடியவில்லை.

அந்த வாரமே அவள் ஒரு இணையப் பக்கம் எழுத ஆரம்பித்தாள். கைப்பேசியில் எதையும் பதிவிறக்கத் தேவையில்லை. உலாவியைத் திறந்து முகவரியைத் தட்டினால் கேக் செய்முறை ஒன்று வரும். அதன் அடியில், இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சில சொற்களைத் தட்டினால் பக்கம் மாறும். அங்கேயே படம் எடுக்கலாம், காணொளி பதியலாம். கைப்பேசியின் படத்தொகுப்பில் அது விழாது. மறுமுனையில் இன்னொருவர் அதே சொற்களோடு காத்திருந்தால் இரண்டு கருவிகளும் நேராகக் கைகோத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் சர்வர் இருவரையும் அறிமுகப்படுத்திவிட்டு ஒதுங்கிவிடும். கோப்பு அதன் வழியாகப் போகாது. போகும் வழியெல்லாம் பூட்டியே போகும். சாவி அந்தச் சொற்களிலிருந்து பிறப்பது.

வேலை முடிந்து ரயிலில், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்று மாதக்கணக்கில் அதை எழுதினாள். மறுமுனையில் காத்திருக்க ஒருவர் வேண்டுமே. பிரிக்பீல்ட்ஸில் மாடியறை ஒன்றில் அலுவலகம் வைத்திருந்த வழக்கறிஞர் வசுந்தராவிடம் போனாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்தவர். ஐம்பது வயது வசுந்தரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் மேசையிலிருந்த பழைய மடிக்கணினியை முன்னால் தள்ளினார்.

"இதுல போடுங்க. தினமும் மத்தியானம் திறந்தே வைக்கிறேன்."

மத்தியானம்தான் விஜயன் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பும் நேரம்.

மலரின் அம்மா வீட்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. அங்கே அடுப்படியில் வைத்து, லோகேஸ்வரி தன் கைப்பேசியில் எல்லாவற்றையும் செய்து காட்டினாள். மலர் சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அனுப்பிக்கிட்டே இருக்கும்போது நின்னுட்டா? பாதி என் போன்ல மாட்டிக்கிட்டு இருக்குமா?"

"இருக்காது. இணைப்பு அறுந்தா ரெண்டு பக்கமும் உடனே துடைச்சிரும். ஒரு துளிகூட மிஞ்சாது."

"அதுதான்டி எனக்கு வேணும்" என்றாள் மலர்.

முதலில் வந்தது ஒரு படம், முழங்கை. பிறகு கழுத்து. பிறகு விஜயன் கத்தும் ஒலிப்பதிவு. ஒவ்வொன்று வரும்போதும் வசுந்தரா லோகேஸ்வரிக்கு "கேக் வந்தாச்சு" என்று செய்தி அனுப்புவார். விஜயன் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. லோகேஸ்வரிக்குத் தன் வேலையின்மேல் இப்படி ஒரு பெருமிதம் அதற்கு முன் வந்ததில்லை.

"மலருக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்க இது போதும்" என்றார் வசுந்தரா. "பிள்ளைதான் கஷ்டம். பிள்ளைமேல அவன் கை வச்சதே இல்ல. நல்ல அப்பான்னு நிப்பான்."

அடுத்த மாதம் ஒரு மத்தியானம். லோகேஸ்வரி சாப்பாட்டு இடைவேளையில் வசுந்தராவின் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். மடிக்கணினி மெல்ல ஒலித்தது. மலர் ஏதோ அனுப்புகிறாள். காணொளி, பெரியது. செமினியில் அவர்கள் இருந்த தாமான் குடியிருப்பில் இணையம் எப்போதும் மந்தம். திரையில் பச்சைக்கோடு நகர்ந்து நகர்ந்து வந்தது. பாதியைத் தாண்டியது. வசுந்தரா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

கோடு நின்றது.

சற்று நேரத்தில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்ற வரி வந்தது. பிறகு திரை வெறுமையானது. கேக் செய்முறை திரும்பி வந்தது.

"வந்த வரைக்கும் திறங்க லோகேஸ். பாதிக்கு மேல வந்திருச்சே."

லோகேஸ்வரி விசைகளில் கை வைக்கவே இல்லை.

"இருக்காதுக்கா."

"எங்கயாச்சும் இருக்கும்மா. கம்ப்யூட்டர்ல அழிச்சதையெல்லாம் எடுக்கிறாங்களே."

"முழுசா வந்து சேர்ற வரைக்கும் டிஸ்க்ல எழுதவே எழுதாதுக்கா. நான்தான் அப்படி எழுதினேன். எடுக்க முடியாத மாதிரி."

செமினியில் நடந்தது பிறகுதான் தெரிந்தது. கடைச் சாவியை மறந்து வைத்துவிட்டு விஜயன் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறான். மலரின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினான்; அதற்குள் அவள் இணைப்பை அறுத்திருந்தாள். அதில் ஒரு கேக் செய்முறையைத் தவிர எதுவும் இல்லை. இருந்தும் அவள் முகத்தைப் பார்த்து அவனுக்குப் புரிந்துவிட்டது. மலரை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினான். பிள்ளை உள்ளே. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா செருப்பு கொடுத்து, தன் காடியிலேயே ஏற்றி ஓட்டிவந்து, மேருவில் மலரின் அம்மா வீட்டில் விட்டார்.

அந்தக் காணொளியில் என்ன இருந்தது என்பதை அன்று சாயந்திரம்தான் மலர் சொன்னாள். மத்தியானம் சோற்றைச் சிந்தியதற்காக யஷ்வினியை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டியிருக்கிறான். விளக்கையும் அணைத்துவிட்டான். உள்ளே பிள்ளை கதவில் அறைந்து அலறுகிறது. வெளியே நின்றுகொண்டு, "உங்கம்மாவை என் கால்ல விழச் சொல்லு, திறக்கிறேன்" என்கிறான். மலர் அடுப்படி மறைவிலிருந்து அதைப் பதிந்திருக்கிறாள். பிறகு போய்க் காலில் விழுந்திருக்கிறாள். பிள்ளையின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

வழக்கு நடந்தது. மலரைப் பாதுகாக்க உத்தரவு கிடைத்தது. அவள் அனுப்பிய படங்களும் ஒலிப்பதிவும் பயன்பட்டன. ஸ்டோர் ரூம் கதையை, பிள்ளையைப் பறிக்கக் கட்டிய பொய் என்றான் விஜயன். நலத்துறை அதிகாரி வந்து கேட்டபோது, விஜயனின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "அப்பா நல்லவரு" என்றாள் யஷ்வினி. தீர்ப்பு வரும்வரை பிள்ளை தகப்பனிடம் இருக்கலாம், தாய் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம் என்று ஆனது. அந்த இடைக்காலம் நீண்டுகொண்டே போனது.

லோகேஸ்வரி மேருவில் மலரின் அம்மா வீட்டுக்குப் போனாள். மலர் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ரெண்டு வார்த்தை திட்டிடுடி" என்றாள் லோகேஸ்வரி.

"எதுக்கு? எதுவும் மிஞ்சக்கூடாதுன்னு கேட்டது நான்தானே."

"உன் போன்லதான் மிஞ்சக்கூடாது. இந்தப் பக்கம் வச்சிருக்கலாம். நான் யோசிக்கல. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே வரிய எழுதிட்டேன்."

மலர் துணியை மடித்தாள். வெகுநேரம் மடித்தாள்.

"உன்மேல கோவம் இல்ல லோகேஸ். சத்தியமா இல்ல. ஆனா உன் மூஞ்சிய பார்த்தா அந்தக் கதவுச் சத்தம் கேக்குது. கொஞ்ச நாளைக்கு வராதடி."

லோகேஸ்வரி தலையாட்டிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பஸ் வந்தது, ஏறத் தோன்றவில்லை. அடுத்ததும் போனது.

பக்கத்தை மூடிவிடலாம் என்றுதான் நினைத்தாள். வசுந்தரா விடவில்லை. வேறு பெண்கள் காத்திருக்கிறார்கள் என்றார். ஆகவே முதலிலிருந்து மாற்றி எழுதினாள். இப்போது கோப்பு சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பூட்டு. வந்து சேர்ந்த துண்டு அந்தக் கணமே இந்தப் பக்கம் பத்திரமாக எழுதப்படுகிறது. அனுப்புகிறவர் பக்கம் மட்டும் எல்லாம் துடைக்கப்படும். எது வரை வந்ததோ, அது வரை திறக்கும். எழுதி முடிக்க இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதுதான் அவளை அதிகம் வதைத்தது.

சில மாதம் கழித்து, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெண் அனுப்பிய காணொளி நடுவில் அறுந்தது. வந்த பாதி திறந்தது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அவளிடமே வந்தார்கள். வசுந்தரா சந்தோஷமாகப் போன் செய்தார். "நல்லதுக்கா" என்றாள் லோகேஸ்வரி. அலுவலகக் கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு வசுந்தரா அவளிடம் வெற்றிச் செய்திகளைச் சொல்வதைக் குறைத்துக்கொண்டார்.

மலர் போன் செய்யவில்லை. கொஞ்ச நாள் என்பது ஒரு வருடத்தைத் தாண்டியது.

போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் அம்மாவுக்குச் சேலை எடுக்கப் போனபோது லோகேஸ்வரி அவர்களைப் பார்த்தாள். மலர் ஒரு மஞ்சள் பாவாடையைப் பிள்ளையின் இடுப்பில் வைத்து அளந்துகொண்டிருந்தாள். யஷ்வினி உயரமாகிவிட்டாள். அம்மாவிடம் கேட்காமல் எதையும் தொடவில்லை. விருந்தாளி வீட்டுக்கு வந்த பிள்ளைபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். லோகேஸ்வரி விலகிப் போக நினைப்பதற்குள் மலர் நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

கூட்டம் இருவருக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்தது.

"யாரும்மா அது?" என்று யஷ்வினி கேட்டது காதில் விழுந்தது.

"அம்மாவோட கூட்டாளி" என்றாள் மலர்.

அவள் கூப்பிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோய் விட நேரமாகியிருக்க வேண்டும். பாவாடைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, யஷ்வினியின் கையைப் பிடித்து, வேகமாக நடந்து போனாள்.