சத்தமில்லாத பிக்கப்பில் ஒரு சனிக்கிழமை

காலை 9.40, கர்க்லாண்ட். வெளியே மைனஸ் பதினெட்டு. மூன்று வயது மகள் இனியாவை வீட்டிலிருந்து ஜக்கெற்றோடு தூக்கி வந்து, வண்டிக்குள் அதைக் கழற்றி, கம்பளிச் சட்டையோடு குழந்தை இருக்கையில் கட்டினேன். தடித்த உடுப்பின் மேல் பட்டி இறுகாது என்று சொல்லியிருக்கிறார்கள். இறுகியதா என்று மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் புறப்பட்டேன்.

எங்களுடையது ஹைபிரிட் பிக்கப். பெற்றோலும் பற்றரியும் மாறி மாறி இழுக்கும். பின்னால் திறந்த பெட்டி. என் கணவர் சமையலறை அலுமாரி பொருத்துபவர், கிழமை நாட்களில் பின்னேரம் வரை வண்டி அவருக்கு. சனிக்கிழமைகளில் அவர் கூட்டாளியின் வான் வண்டியில் வேலைக்குப் போய்விடுவார், வண்டி ஊருக்கு. யாரோ ஒருவருக்குக் கட்டில் மாற்ற வேண்டும், இன்னொருவருக்குக் கோயில் அண்டா ஏற்ற வேண்டும். "உங்கட பெட்டி சும்மாதானே கிடக்கு" என்பார்கள். எனக்கு மறுக்க வராது. அன்று தோழி மாலினியின் முறை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் அவர்கள் புதுவீடு குடிபுகுகிறார்கள். ஜான்-டலோன் சந்தையிலிருந்து எட்டுப் பெட்டி பழமும் இரண்டு மூட்டை தேங்காயும் கொண்டுபோக வேண்டும்.

9.55, நெடுஞ்சாலை 40. சந்தைக்கு ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். கோடையில் நூறு கிலோமீற்றருக்கு ஆறரை லீற்றர் குடிக்கும் வண்டி, குளிரில் எட்டரை குடிக்கிறது. வீதிக் கோட்டைத் தொட்டால் கீச்சிடும். முன்னால் போகிறவர் பிரேக் பிடித்தால் கீச்சிடும். கண்ணாடி கழுவும் தண்ணீர் குறைந்தாலும் கீச்சிடும். எது முக்கியம் என்று காது பிரித்தறிவதை விட்டுவிட்டது. சந்தையை நெருங்கினால் வேறு பயம். மெதுவாகப் போகும்போது பற்றரியில் ஓடுவதால் நடப்பவர்களுக்கு வண்டி வருவது கேட்பதில்லை. யன்னலைப் பாதி இறக்கி, "பர்தோன், பர்தோன்" என்று பிரெஞ்சில் வழி கேட்டுக்கொண்டே ஊர்ந்தேன்.

10.20, சந்தையின் பின்பக்கம். பழக்கடையில் வேலை செய்யும் யோகன் அண்ணை பெட்டிகளை அடுக்கி வைத்துக் காத்திருந்தார். இனியாவையும் இறக்குவோம் என்று அவளுடைய பட்டியைக் கழற்றினேன். அதற்குள் அவர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இதைக் குறுக்கால வைக்கட்டோ, நெடுக்கால வைக்கட்டோ? ஒருக்கா வந்து பாருங்கோ."

குளிர் உள்ளே போகாதபடி கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போனேன். வண்டி மூன்று தரம் கீச்சிட்டது. அதன் வழக்கம்தானே என்று விட்டேன். கைப்பை முன் இருக்கையில். அதற்குள் வண்டித் திறப்பும் போனும்.

திரும்பி வந்தபோது இனியா ஓட்டுநர் இருக்கையில் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டு சிரித்தபடி கதவிலிருந்த பூட்டுப் பொத்தானை அமத்தினாள். 'டக்' என்றது கதவு. நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன.

"இனியா, திற. மற்றப் பக்கம் அமத்து!"

"நோன், மமோன்!" மாட்டாளாம். அது அவளுக்கு விளையாட்டு. கராஜில் நிறுத்திய வண்டிக்குள் சூடு எத்தனை நிமிடம் நிற்கும் என்று எனக்குத் தெரியும்; வெளியில் இன்னும் குறைவு. அவள் உடம்பில் ஒரு கம்பளிச் சட்டை மட்டும். கண்ணாடியில் இரு கைகளாலும் தட்டினேன். அவளும் உள்ளிருந்து தட்டினாள். கடையில் சுத்தியல் இருக்கிறதா என்று கேட்டேன்.

அப்போது வண்டி உறுமியது. பிள்ளை கிளப்பிவிட்டாள் என்று நினைத்து அலறிவிட்டேன்.

"அவ ஒண்டும் செய்யேல்லை," என்றார் யோகன் அண்ணை. "நீங்கள்தான் நிப்பாட்டாமல் இறங்கியிருக்கிறீங்கள். இதுவரைக்கும் பற்றரியில நிண்டது, இப்ப எஞ்சின் பிடிக்குது. நல்லதாப் போச்சு, பிள்ளைக்குக் குளிராது."

என் மறதி பிள்ளைக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்காக நன்றி சொல்வதா? எஞ்சின் ஓடும் வண்டியின் கியருக்குப் பக்கத்தில் அல்லவா அவள் நிற்கிறாள்.

"அண்ணை, கியரைப் போட்டுட்டாளெண்டால்?"

"பிரேக்கை மிதிக்காமல் விழாது. அந்தக் கால் எட்டுமோ?"

எட்டாது. தெரியும். தெரிந்தும் நான் சில்லுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அங்கால வாங்கோ! நீங்கள் நிண்டு மறிக்கிற சாமானோ இது?" என்று அதட்டிவிட்டு அவர் கடைக்குள் ஓடினார். ஒரு ஸ்ட்ராபெரிப் பெட்டியோடு வந்து, ஒரு பழத்தைக் காம்பில் பிடித்துக் கண்ணாடிக்கு நேரே காட்டினார். இனியா பழத்தைப் பார்த்தாள். கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தால் வரும் பின்னேரங்களில், வண்டியை விட்டு இறங்கவும் அலுப்பாக இருக்கும் எனக்கு, கோப்பிக் கடையின் வாகன வரிசையில் நின்று யன்னலால் அவளுக்கு டோனட் வாங்கிக் கொடுப்பேன். அது நல்ல பழக்கமல்ல என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். சாப்பாடு யன்னலால்தான் வரும் என்று அவள் படித்துவைத்திருந்தாள். விரல் யன்னல் பொத்தானில் விழுந்தது. கண்ணாடி இறங்கியது. நான் உள்ளே கையை விட்டுக் கதவைத் திறந்து அவளை அள்ளிக்கொண்டேன்.

"மெர்சி," என்றாள் அவள், பழத்துக்கு. ஸ்ட்ராபெரிப் பெட்டி ஐந்து டொலர். காசு நீட்டினேன்.

"வையுங்கோ. ஓடிப் போய்ச் சேருங்கோ முதல்."

11.50, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. நகரம் இருக்கும் தீவின் மேற்கு முனைக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர், வலப்பக்க ஒழுங்கையிலேயே ஓட்டினேன். நிறுத்தும் பொத்தானை அமத்தி, திரை அணைந்ததை இரண்டு தரம் பார்த்துவிட்டு இறங்கினேன். பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தபோது மாலினியின் கணவர் இனியாவைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் நிறுத்தினார். நம்மவர்கள் யாருடைய வண்டியைக் கண்டாலும் இதைத்தான் செய்வார்கள். பிள்ளையின் கைகளை ஸ்டியரிங்கில் வைத்து ஒரு படம். இனியாவுக்கு அந்த இருக்கையைப் பழக்கியதும் இந்தப் படங்கள்தான்.

"எங்கட ட்றைவரம்மா! சிரியுங்கோ பாப்பம்."

"இறக்குங்கோ அண்ணை."

"அட, நிண்ட வண்டிதானே. ஒரு சத்தமும் இல்லையே."

திரையைப் பார்த்தேன். கறுப்பாகத்தான் இருந்தது. நின்ற வண்டிதான்.

"எண்டாலும் இறக்குங்கோ," என்று சொல்லி நானே இறக்கினேன். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேங்காய் மூட்டையைத் தூக்கினார்.

1.30, வீடு. திரும்பிய பத்து கிலோமீற்றரும் மாலினியின் கணவருடைய முகம்தான் கண்ணில் நின்றது. நல்ல நாளில் இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஒரு படம்தானே. கராஜுக்குள் வந்து நிறுத்தும் பொத்தானை அமத்தினேன். இனியாவைத் தூக்கித் தோளில் போட்டேன், திறப்பை ஜக்கெற் பைக்குள் வைத்தேன், அதன் பிறகுதான் கதவைச் சாத்தினேன்.