பிப்ரவரி இருபதுக்கு முன் ஒரு நல்ல நேரம்

2025 ஜனவரி 22, புதன்கிழமை. தை ஒன்பது. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஒரு டம்ளர் வெந்நீர். ஐந்து மணிக்கு முந்தைய நாள் குறிப்பில் விட்டுப்போன வரிகளை எழுதி முடித்தேன். ஐந்தரைக்குக் கோயிலைச் சுற்றி ரத வீதிகளில் நடை, நான்கு சுற்று.

தென்காசியில் பத்திரம் எழுதுவது என் தொழில். பத்திரத்தில் நிலத்தின் நான்கெல்லையை எழுதும்போது ஒரு திசை மாறினால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேறொருவர் எழுதிய பத்திரத்தில் வடக்கும் தெற்கும் இடம் மாறியதால் சுந்தரபாண்டியபுரத்தில் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டார்கள். தம்பியின் தோள்பட்டையில் எலும்பு தெரிந்தது. அதற்குப் பிறகு எதையும் இருமுறை சரிபார்க்காமல் நான் எழுதுவதில்லை.

என்னோடு நடப்பவர்கள் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மற்றவர் இரும்புக்கடைக்காரர். இருவரும் என்னைப் போலவே பழைய போக்குக்காரர்கள். அன்றைய பேப்பரில் அமெரிக்காவின் புதிய அதிபர் பதவியேற்ற அன்றே போட்ட உத்தரவுகள் வந்திருந்தன. அவற்றில் ஒன்று, அந்த நாட்டில் பிறந்தாலே குடியுரிமை என்பதை மாற்றுவது. தாயும் தகப்பனும் தற்காலிக விசாவில் இருந்தால், முப்பது நாள் கழித்துப் பிறக்கும் பிள்ளைக்கு அது கிடையாது.

"அதுல என்ன தப்பு?" என்றார் இரும்புக்கடைக்காரர். "நம்ம வீட்டுல வாடகைக்கு வந்தவன் பிள்ளை பெத்தா, பிள்ளைக்கு வீட்டுல பங்கு குடுக்க முடியுமாவே?"

"நானும் பழசக் காப்பாத்தணும்னு சொல்லுதவன்தான்," என்றார் தலைமையாசிரியர். "அவங்க சாசனத்துல நூத்தம்பது வருஷத்துக்கு மேல கெடக்க வரிய ஒரே ஒரு பேனா வச்சு அடிச்சா, அது பழசக் காக்குததா? அதுக்குப் பேரு ரவுடித்தனம் வே."

"யாரு ரவுடி? ஓட்டுப் போட்டு வந்தவன் ரவுடியா?"

"உம்மச் சொல்லல, ஏன் துள்ளுதீரு?"

இரும்புக்கடைக்காரர் அவர் துண்டைப் பிடித்து இழுத்துவிட்டார். தலைமையாசிரியர் எழுபது வயதில், சுக்குக் காப்பி டம்ளரோடு கையை ஓங்கினார். நான் நடுவில் புகுந்தேன். "சார்வாள், கையில சுக்குக் காப்பி இருக்கு, என் சட்டையிலதான் ஊத்துவீய," என்றதும் ஓங்கிய கை இறங்கியது. ஆனால் கடைசிச் சுற்றை இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள்.

நான் இரும்புக்கடைக்காரர் பக்கம். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். தன் குடி யார் என்று தீர்மானிக்கிற உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு. பிள்ளைக்கு அடையாளம் தாய் தகப்பனிடமிருந்து வருவது, அது விழுந்த மண்ணிலிருந்து வருவதல்ல. இதை இரண்டு நாளாகப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினொன்று நாற்பதுக்குத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, பஞ்சாங்கத்த எடுத்துட்டு உடனே இங்கன வா. பிப்ரவரி இருபதுக்குள்ள ஒரு நல்ல நேரம் வேணும்."

"எதுக்கு?"

"பிள்ளைய எடுக்கதுக்கு."

தங்கை மகள் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறாள். கணவருக்கு வேலை விசா, அவள் அவரைச் சார்ந்து போனவள். மார்ச் பதினெட்டாம் தேதி பிரசவம் என்று நாள் குறித்திருந்தார்கள். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுப்பதென்றால் நல்ல நேரம் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் ஜோசியனல்ல. கணக்குப் பிசகாமல் போடுவேன் என்பதால் குடும்பத்தில் வீட்டுப் பால்காய்ப்பு முதல் எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் கேட்பார்கள்.

பகல் ஒன்றரைக்குக் குற்றாலம் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த ஊரின் சூரிய உதயத்தைச் செல்போனில் எடுத்து, பென்சிலால் கணக்குப் போட்டேன். வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் போட்டேன். கை பழக்கம். பிப்ரவரி பதினேழு, திங்கட்கிழமை, அவர்கள் நேரம் காலை பத்தேகாலிலிருந்து பதினொன்று வரை. நேரம் சுத்தமாக இருந்தது. குறை சொல்ல எதுவுமில்லை.

அன்றைக்குப் பிள்ளைக்கு முப்பத்தாறு வாரம்கூட முடிந்திருக்காது.

மூன்று வருடத்துக்கு முன், அவள் இங்கிருந்தபோது, முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத நெஞ்சில் குழாய்களை ஒட்டி ஒட்டிப் பிய்த்ததில் தோல் உரிந்திருந்தது. பத்தாம் நாள் வெள்ளைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார்கள். கார் ஓட்டியது தங்கையின் கணவர். ஆலங்குளம் தாண்டி வண்டியை ஓரம் கட்டி, நெற்றியால் ஸ்டியரிங்கை முட்டினார். ஹாரன் விட்டு விட்டு அலறியது. நெற்றி பிளந்து ரத்தம் மூக்கு வழியாகச் சட்டையில் இறங்கிய பிறகுதான் நிறுத்தினார். அதன் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அவருக்குக் குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகும் வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. சட்டென்று கை ஓங்குபவர். பார்க்கிங் தகராறில் ஒரு வேன் டிரைவரின் காதைக் கடித்து ஸ்டேஷனுக்குப் போனவர். கல்யாணமான இரண்டாம் வருடம் என் கடைவாய்ப் பல் ஒன்றை உடைத்தார், மறுநாள் அவரே பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். எனக்கு நான்கு வயது இளையவர்.

இரண்டு ஐந்துக்குக் கடையில் நுழைந்தேன். ஐயப்ப சீசன் முடிந்து தெரு காலியாக இருந்தது. அவர் வாணலிக்கு முன் நின்று காயைச் சீவிக் கொதிக்கிற எண்ணெயில் நேரடியாக விழவிட்டுக்கொண்டிருந்தார். தங்கை பக்கத்தில் நின்று பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தாள். உப்பு டப்பாவில் சாய்த்துவைத்த போன் ஸ்பீக்கரில் இருந்தது. தங்கை மகள் மறுமுனையில். அங்கே விடிய இன்னும் நேரம் இருந்தது, அவள் தூங்கியிருக்கவில்லை.

"வாங்க மச்சான்," என்றார் அவர். "எங்க மாப்ள அங்கன ஒரு டாக்டரம்மாட்ட பேசிட்டாரு. யோசிச்சுச் சொல்லுதேன்னுருக்காவ. நம்ம தேதிய குடுத்தா மேக்கொண்டு பேசிருவாரு. சொல்லுங்க."

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பிள்ளையை முன்கூட்டி எடுக்க வேண்டாம், ஒன்றைப் பறிகொடுத்தது போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாளாகப் பேசிப் பழகிய வாய் வேறொன்றைப் பேசியது.

"அவங்க நாட்டுச் சட்டம் அது மாப்ள. அவங்க யாருக்குக் குடுக்கணும்னு அவங்க முடிவு பண்ணுதாங்க. நம்ம பிள்ளைக்கு நம்ம நாட்டுப் பாஸ்போர்ட் போதாதா? ஒரு காயிதத்துக்காக..."

அவர் சீவுவதை நிறுத்தினார்.

"காயிதமா? ரெண்டு நாளா அந்த ஆளு போட்டோவ வாட்சப்புல அனுப்பி சபாஷ் சபாஷ்னு போட்டீரே, அதுக்குத்தான் இப்ப நேரம் குடுக்க மாட்டேங்கீரு. உமக்கு உம்ம கச்சி பெருசு."

"கச்சி இல்ல மாப்ள..."

"என் பேரப்பிள்ளை நாளைக்கு ரெண்டு நாட்டுக்கும் இல்லாம நடுவுல நிக்கட்டும், நீரு இங்கன இருந்து கொள்கை பேசும்!"

முதல் அடி இடது கன்னத்தில். விரித்த கைதான், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கோடு விழுந்ததால் காதுக்குள் வெடித்தது. கண்ணாடி பறந்து வாழைக்காய்க் குவியலில் விழுந்தது. இரண்டாவது, முஷ்டி. கீழுதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

நான் அடிதடிக்காரனல்ல. ஐம்பத்திரண்டு வயதுவரை ஒருவரையும் கை நீட்டி அடித்ததில்லை. அன்று அடித்தேன். கையில் அகப்பட்டது எடைக்கல், ஒரு கிலோ. அதை அவர் தோளில் இறக்கினேன். எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது, கேட்டதும் இன்னொரு முறை ஓங்கினேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். இரண்டாவது முறை தலையைப் பார்த்துத்தான் ஓங்கினேன்.

அவர் குனிந்து என் இடுப்பைக் கட்டிப் பின்னால் தள்ளினார். அலமாரியில் மோதினேன். கண்ணாடி பாட்டில்கள் முதுகில் உடைந்தன. கழுத்தைப் பிடித்து அழுத்தினார். கட்டை விரல் குரல்வளையில் இறங்கியது. முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நெற்றியில் பழைய தழும்பு சிவந்து புடைத்திருந்தது. அவர் அழுதுகொண்டே நெரித்தார். எனக்குக் கண் இருட்டியது.

"விடுங்க! ஏ, செத்துருவாவ, விடுங்க!" என்று தங்கை கத்தினாள். விடவில்லை. வாணலியில் கிடந்த ஜல்லிக் கரண்டியை உருவி, எண்ணெய் சொட்டச் சொட்ட, கணவரின் முழங்கையில் ஓங்கி அடித்தாள். அவர் அலறி உதறிய கை வாணலியின் காதில் பட்டது. வாணலி சாய்ந்தது. முழுவதும் கவிழவில்லை. ஆனால் விளிம்பு தாண்டி வந்த எண்ணெய் அவள் வலது பாதத்தில் கொட்டியது.

அவள் கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, தன் காலையே பார்த்தாள். தோல் எங்கள் கண் முன்னாலேயே வெளுத்துச் சுருங்கியது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு, குடத்துத் தண்ணீரை அவள் காலில் ஊற்றினார். நான் நின்ற இடத்தில் என் சட்டையில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. எடைக்கல் இன்னும் கையில் இருந்தது.

அப்போதுதான் உப்பு டப்பாவிலிருந்து குரல் கேட்டது. இவ்வளவு நேரமும் அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மா? அப்பா? யாருக்கு என்ன ஆச்சு? மாமா! மாமா, நீங்களாவது பேசுங்க!"

"ஒண்ணுமில்லம்மா. அம்மாவுக்குக் கால்ல லேசா எண்ணெய் பட்டுட்டு."

"பொய் சொல்லாதீங்க. எனக்கு எல்லாம் கேட்டுது." மூச்சு வாங்கினாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாமா. நேரம் இருக்கா, இல்லையா?"

தங்கையின் கணவர் தண்ணீர்க் குடத்தோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தங்கையும் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றேன். "இருபதுக்குள்ள ஒண்ணுகூடச் சரியில்ல. எடுத்தா பிள்ளைக்கு ஆகாது."

அவர் கையிலிருந்த குடம் தரையில் விழுந்து உருண்டது. என் பேச்சை அவர் வெறுப்பார், என் கணக்கைச் சந்தேகப்பட்டதில்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, "போச்சு," என்றார். "எல்லாம் போச்சு மச்சான்."

போன் துண்டிக்கப்பட்டது.

ஆட்டோவில் தென்காசிக்கு வந்தோம். அவர் மனைவியின் காலை மடியில் வைத்து ஈரத் துண்டால் மூடியிருந்தார். ஒரு கைதான் வேலை செய்தது. ஆஸ்பத்திரியில் எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். வாணலி சரிந்தது, பிடிக்கப் போய் மூவரும் வழுக்கி விழுந்தோம் என்று அவரே சொன்னார். நர்ஸ் என் கழுத்திலிருந்த விரல் தடங்களைப் பார்த்துவிட்டு, "எண்ணெய் கழுத்தையும் பிடிச்சுதோ அண்ணாச்சி?" என்றார். உதட்டுக்கு மூன்று தையல். அவர் தோளில் எலும்பு கீறல் விட்டிருந்தது. தங்கைக்கு மூன்று வாரம் நடக்கக் கூடாது என்றார்கள். பிப்ரவரியில் மகளிடம் போக எடுத்திருந்த டிக்கெட் அதோடு போயிற்று.

வெளியே பெஞ்சில் அவரும் நானும் அருகருகே உட்கார்ந்திருந்தோம்.

"அந்தக் கல்லால தலையில போட்டிருந்தா?" என்று கேட்டார்.

"போட்டிருப்பேன் மாப்ள."

"நானும் விட்டிருக்க மாட்டேன்." என் உதட்டைப் பார்த்து, "டீ குடிக்க முடியுமா உமக்கு?" என்றார்.

"உறிஞ்சுதேன்."

போய் வாங்கி வந்து ஆற்றிக் கொடுத்தார். அந்த உத்தரவை அங்கே ஒரு நீதிபதி மறுநாளே நிறுத்திவைக்கப் போகிறார் என்பது எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவருக்கு அது போதுமானதாக இருந்திருக்காது.

ஆறரைக்கு வீட்டில் நாட்குறிப்பைத் திறந்தேன். நடந்ததையெல்லாம் மணி வாரியாக எழுதினேன். இரண்டாவது முறை கல்லை ஓங்கியதை எழுதினேன். 'நேரம் இல்லை என்று சொன்னேன்' என்ற வரியில் நின்றேன். பஞ்சாங்கம் பார்த்து நான் சொன்ன முதல் பொய் அது. பிள்ளையைக் காப்பாற்றச் சொன்னேனா, அடி வாங்கியவன் தோற்கக் கூடாதென்று சொன்னேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எது உண்மையானாலும், வயிறு அவளுடையது. பொய்யான கணக்கை நம்பி அவள் முடிவெடுக்கக் கூடாது.

மறுநாள் வியாழக்கிழமை, நாலே முக்காலுக்கு எழுந்ததும் வெந்நீர்கூடக் குடிக்காமல் தங்கை மகளுக்குப் போன் செய்தேன். அங்கே இன்னும் புதன் சாயங்காலம். தையல் இழுத்ததால் சொற்களை ஒவ்வொன்றாகத்தான் பேச முடிந்தது. நேரம் இருக்கிறது, பதினேழாம் தேதி, பத்தேகால் முதல் பதினொன்று என்றேன். நேற்று சொன்னது பொய் என்றேன். முதல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வந்தது மறக்கவில்லை, அதனால்தான் சொன்னேன் என்றேன். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி அவளிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"தெரியும் மாமா," என்றாள். "கார் ஷெட்டுக்குக் கூரை போட நேரம் கேட்டாலே பத்து நிமிஷம் குடுன்னு சொல்லுத ஆளு நீங்க. இந்தத் தடவை கேட்ட உடனே இல்லன்னுட்டீங்க."

"அப்பாகிட்ட சொல்லிரவா?"

"சொல்லுங்க. நானும் அந்த டாக்டரம்மாட்ட வேண்டாம்னு இங்க விடிஞ்சதுமே சொல்லியாச்சு. பிள்ளை நாள் முடிஞ்சு வரட்டும். எந்தப் பாஸ்போர்ட்டோட வந்தாலும் மூச்சு விட்டா போதும்." பிறகு கேட்டாள். "அம்மா கால் நெசமாவே எப்படி இருக்கு?"

சொன்னேன். எதையும் குறைக்காமல் சொன்னேன்.