நாற்பத்தேழு தலையும் ஒரு காலி இடமும்

பத்துக்கு எட்டு அடி ஃபிளெக்ஸ் பேனரில் அறுபத்து நாலு தலையை ஒன்றோடு ஒன்று இடிக்காமல் உட்கார வைக்க ராஜபாளையத்தில் ஓர் ஆளால்தான் முடியும். என் கடையில் ஒன்பது வருஷமாக டிசைன் போடும் பாண்டிசெல்வி. நான் இருதயம், கடை முதலாளி. மெஷின் என்னுடையது, வாசல் போர்டில் இருப்பது என் பெயர். ஆனாலும் உள்ளே வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்த அக்கா இருக்காகளா?" என்றுதான் கேட்பார்கள். எரிச்சலாக இருக்கும். இல்லை என்று சொன்னால் அது பொய்.

தலை வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. காதுகுத்து பேனர் என்றால் தாய்மாமன் தலை தேங்காய் அளவு, பெரியப்பா சித்தப்பா தலை ஆரஞ்சு அளவு, பங்காளிகள் எலுமிச்சை அளவு. ஒரு தலை சிறுத்துப்போனால் அந்த ஆள் விசேஷத்துக்கு வருவார், சாப்பிடாமல் போவார். தலையே விட்டுப்போனால் வரவே மாட்டார். இதையெல்லாம் விசாரித்து, யார் பக்கத்தில் யார் ஆகாது என்று தெரிந்துகொண்டுதான் பாண்டிசெல்வி அடுக்குவாள். அவள் போட்ட பேனரால் எந்த வீட்டிலும் சண்டை வந்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்கு முப்பத்தாறு வயதில் படிப்பு ஆசை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை மாடியில் சதீஷ் என்று இருபத்து நாலு வயது வாத்தியார் ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கிறார். போட்டோவோ, ஓவியமோ, கம்ப்யூட்டரில் போடும் படமோ, எதுவானாலும் படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பதுதான் பாடம். ஆறு மாசம். மற்றவர்கள் எல்லாரும் காலேஜ் பிள்ளைகள். வாத்தியார் இவளை மட்டும் "மேடம்" என்று கூப்பிடுகிறாராம்.

"எங்க எடம் இருக்கோ அங்க வைக்க வேண்டியதுதான? இதுக்கு எதுக்கு ஆறு மாசம்?" என்று கேட்டேன்.

"எங்க வைக்கக் கூடாதுங்கதுக்கே மூணு மாசம் ஆகும் அண்ணாச்சி" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குச் சனி பிடித்தது. எந்த வேலை வந்தாலும் முதலில் பென்சிலால் தீப்பெட்டி அளவில் ஐந்து கட்டம் போட்டு, ஐந்திலும் ஐந்து விதமாகக் கிறுக்குவாள். டீ வந்தால் குடிக்காமல் கிளாஸை ஜன்னலோரம் வைத்து போட்டோ எடுப்பாள். எடுத்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ரயில்வே கேட் மூடியிருந்தால் நாமெல்லாம் கேட்கீப்பரைத் திட்டுவோம். இவள் தண்டவாளம் மலையைப் பார்த்து ஓடுகிற அழகைப் படம் பிடிப்பாள். ஒரு நாள் கடைக்குள் நுழைந்தால், நடுச்சுவரில் இருந்த திரு இருதய ஆண்டவர் படம் இரண்டு அடி இடதுபக்கம் தள்ளித் தொங்குகிறது.

"ஏட்டி, ஆண்டவர ஏன் ஓரங்கட்டுன?"

"ஓரமில்ல அண்ணாச்சி. செவத்த மூணா பிரிச்சா ஒரு பங்கு தள்ளி இருக்காரு. இப்பதான் வர்றவக கண்ணு நேரா அவருகிட்டப் போவுது."

ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன்.

ஆண்டவர் பொறுத்துக்கொள்வார், கஸ்டமர் பொறுப்பாரா? ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இறந்தவரைக் கீழ்மூலையில் வைத்து, மீதி முழுவதையும் வானமாக விட்டிருந்தாள். அவர் மகன் போஸ்டரை விரித்துப் பார்த்துவிட்டு, கோபப்படாமல்தான் சொன்னான்: "எங்கப்பா உசுரோட இருந்தப்பவும் எல்லா எடத்துலயும் ஓரமாத்தான் உக்காந்திருந்தாரு அண்ணாச்சி. இப்பவாது நடுவுல வைங்க." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. மறு பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம்.

அன்றைக்குத்தான் சொன்னேன், இந்தப் படிப்பு போதும், ஞாயிற்றுக்கிழமையும் கடைக்கு வா என்று. ஞாயிறுதானே எங்களுக்கு முகூர்த்த வேலை அதிகம். அவள் கீபோர்டைத் தள்ளிவைத்தாள்.

"அண்ணாச்சி, பத்தாவது முடிச்சு மில்லுக்குப் போனதுக்குப் பொறவு, என் வேலையப் பாத்து இது நல்லாருக்கு, இது நல்லால்லன்னு யாரும் சொன்னதில்ல. அங்கதான் சொல்லுதாக. இங்க நீங்க 'முடிஞ்சிச்சா'ன்னு மட்டும்தான் கேப்பிய."

சுருக்கென்று இருந்தது. ஆனாலும் முதலாளி முதலாளிதானே. விட்டுக்கொடுக்காமல் இருந்தேன். அவளே ஒரு வழி சொன்னாள். வகுப்பு முடிய ஒரு ஞாயிறுதான் பாக்கி. கடைசிப் பாடம், நிஜ வேலை ஒன்றைச் செய்து, அது இருக்கிற இடத்தில் வைத்தே போட்டோ எடுத்து, அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குள் நேரில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் அடுத்த ஆறு மாச வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். "ஒரே ஒரு பேனர என் இஷ்டத்துக்கு விடுங்க. கஸ்டமர் திட்டாம ஏத்துக்கிட்டா நான் படிக்கப் போறேன். திட்டுனா அன்னைக்கே கிளாஸ் கட். நீங்க சொல்ல வேண்டாம், நானே விட்டுருதேன்."

சரி என்றேன். ஏதாவது டியூஷன் நோட்டீஸை எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். படுபாவி, அந்த வாரத்திலேயே பெரிய வேலையைப் பிடித்துக்கொண்டாள்.

சோழபுரம் உக்கிரபாண்டி, தங்கச்சி மகள் காதுகுத்துக்கு பன்னிரண்டுக்கு எட்டு பேனர் கேட்டு வந்தார். கார்த்திகா என்று ஐந்து வயதுக் குழந்தை. மண்டப வாசலில் தரையோடு நிற்க வேண்டும், நாற்பத்தேழு தலை, தாய்மாமன் தலை தேங்காய்க்கும் மேலே இளநீர் அளவு என்று சொல்லிப் பென் டிரைவைக் கொடுத்தார். கூட வந்திருந்த தங்கச்சி பொன்மணி, மணிபர்ஸிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து மெல்ல மேஜையில் வைத்தாள். பெரிய அண்ணன் பாண்டிதுரையின் படம். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரு பம்புசெட் தகராறில் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை.

"அவன் தல எதுக்கு?" என்று உக்கிரபாண்டி போட்டோவை எடுத்து அவள் கையிலேயே திணித்தார்.

"அவுகளும் தாய்மாமன்தான? தல இல்லன்னா வரமாட்டாக" என்றாள் பொன்மணி.

"வர வேண்டாம்."

பொன்மணி வாயை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன். ஆர்டர் கொடுக்கிறவர் சொல்வதுதான் எங்களுக்கு. பாண்டிசெல்வி மட்டும் ஒரு தாளில் ஐந்து கட்டம் போட ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை சோழபுரம் போய்க் குழந்தையைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து வந்தாள். சனிக்கிழமை நான் கோவில்பட்டிக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். பிரிண்ட் போட்டது, சுருட்டிக் கம்பு கட்டுகிறவர்களிடம் கொடுத்தது எல்லாம் அவள்தான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு உக்கிரபாண்டி போன் பண்ணினார்.

"அண்ணாச்சி, ஒங்க கடையில மை தீந்துபோச்சா?"

"ஏன்?"

"முக்காவாசி பேனரு வெறும் வானமால்லா இருக்கு. பிள்ள ஒரு ஓரமா முக்காலியில உக்காந்து எங்கயோ பாக்குது. கீழ சின்னதா 'கார்த்திகாவுக்குக் காதுகுத்து, எல்லாரும் வாங்க'ன்னு இருக்கு. தாய்மாமன் என் தல எங்கய்யா?"

அதற்குப் பிறகு அவர் பேசியதை எழுத முடியாது. என் அப்பாவைக்கூட விடவில்லை. திட்டு என்றால் அதுதான் திட்டு, சந்தேகத்துக்கே இடமில்லை. ஒன்பதரைக்குள் நாற்பத்தேழு தலையோடு வேறு பேனர் வந்தாக வேண்டும் என்றார்.

பாண்டிசெல்விக்குப் போன் போட்டேன். சோழபுரம் பஸ்ஸுக்குப் போக அப்போதுதான் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எதிர்த்திசை. முதலில் அங்கே போய்ப் பேனரைப் போட்டோ எடுத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவதாக இருந்தாளாம். விஷயத்தைச் சொன்னேன். அழுவாள், வாதாடுவாள் என்று பதிலையும் தயாராக வைத்திருந்தேன்.

"சரி அண்ணாச்சி, கடைக்கு வாரேன்" என்றாள். அவ்வளவுதான்.

வந்து உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரத்தில் நாற்பத்தேழு தலையையும் அடுக்கினாள். கட்டம் போடவில்லை, டீயைப் படம் பிடிக்கவில்லை. நான் வழக்கம்போல "முடிஞ்சிச்சா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பந்தயத்தில் ஜெயித்தவன் நான். ஆனாலும் அவளுக்கு இன்னொரு டீ வாங்கி வர நானே போனேன்.

பேனரைச் சுருட்டி என் மொபட்டில் குறுக்கே வைத்து, பின்னால் அவளை ஏற்றிக்கொண்டு சோழபுரம் போனேன். மண்டப வாசலில் கூட்டம். என்னைப் பிடித்து அடிக்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து வண்டியை முன்கூட்டியே நிறுத்தினேன். அப்புறம்தான் பார்த்தேன், அது வரிசை. காலியாகக் கிடந்த வானத்தின் முன்னால் ஒருவர் மாற்றி ஒருவர் போய் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எவர் போய் நின்றாலும் பேனரில் இருக்கிற குழந்தை அவரையே பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. எனக்கே ஒரு தடவை போய் நிற்கலாமா என்று தோன்றிவிட்டது.

"பிள்ள பாக்குற பக்கம் எடம் விடணும்னு மூணாவது வாரம் சொல்லித்தந்தாக" என்றாள் பாண்டிசெல்வி. கேட்காமலே சொன்னாள்.

பாதையோரம் பைக்கில் சாய்ந்து ஒருவர் நின்றார். பொன்மணி காட்டிய பாஸ்போர்ட் போட்டோவில் இருந்த அதே மீசை. பாண்டிதுரை. உள்ளே போகலையா என்று பேச்சுக் கொடுத்தேன்.

"என் தல இருக்கான்னு பாக்கத்தான் வந்தேன். இல்லன்னா அப்படியே திரும்பிரணும்னு பைக்க ஆஃப் பண்ணல. பாத்தா அந்தப் பய தலையும் இல்ல. ஒருத்தன் தலையும் இல்ல. இதுக்கு எப்படிக் கோவிக்க?" என்றார்.

தலையே இல்லாத பேனரில் யார் தலை விட்டுப்போச்சு என்று எப்படிக் கேட்பது? பைக்கை அணைத்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தது. வானத்தின் முன்னால் நின்றார். ஐந்து வயதுக் குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பொன்மணி தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து உக்கிரபாண்டி வெளியே வந்தார். என் தோளில் இருந்த சுருளைப் பார்த்தார். வானத்தின் முன்னால் நின்ற அண்ணனைப் பார்த்தார். நேராக என்னிடம் வந்து காதோடு சொன்னார்:

"அண்ணாச்சி, ஒங்களக் கும்புட்டுக் கேக்கேன். அதப் பிரிச்சிராதிய."

பிறகு போய் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றார். பக்கத்தில் என்றால், நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம். இருவரும் வேறு வேறு திசையைப் பார்த்தார்கள். பாண்டிசெல்வி போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். ஆறு மாசமாகக் காலி இடம், காலி இடம் என்று என் உயிரை வாங்கியவள், "அண்ணே, ரெண்டு பேரும் செத்த நெருங்குங்க. நடுவுல எடம் விடாதிய" என்றாள். உக்கிரபாண்டி அரை அடி நகர்ந்தார். மீதியைப் பாண்டிதுரை கையை நீட்டி இழுத்தே சரிசெய்துவிட்டார்.

மணி பத்தே முக்கால். பந்தயப்படி கஸ்டமர் திட்டிவிட்டார், கிளாஸ் கட். பாண்டிசெல்வி அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏட்டி, ஏறு வண்டியில" என்றேன். ராஜபாளையம் ஊருக்குள் அத்தனை நெரிசலையும் தாண்டி, நாற்பத்தேழு தலையும் குறுக்கே கிடக்க, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பால்கோவா கடை வாசலில் கொண்டுபோய் இறக்கினேன். மாடிப்படியும் ஏறினேன்.

சதீஷ் வாத்தியார் படத்தைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். "பேனர் அருமை மேடம். ஆனா போட்டோவுல ரெண்டு பேரும் நட்டநடுவுல நிக்கிறாங்களே. ஒரு பங்கு தள்ளி நிக்க வச்சிருக்கணும். மார்க் குறையும்."

"கொறைங்க தம்பி" என்றாள் பாண்டிசெல்வி. "நாலு வருசம் கழிச்சு நெருங்குனவகள மறுபடி தள்ளி நில்லுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

வாத்தியார் அடுத்த ஆறு மாசத்துக்கான நோட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டார். ஆகவே, இனி ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை லீவு. வாசலில் அதற்கு ஒரு போர்டு வைக்க வேண்டும். அவளிடம்தான் டிசைன் கொடுத்திருக்கிறேன், 'லீவு' என்கிற எழுத்தையாவது நடுவில் வை தாயே என்று கேட்டு.