எல்லாப் பிள்ளைக்கும் பேர்ட் வாட்சிங்

சிதம்பரத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், பிரின்ட் அவுட் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். மே மாதம் பிறந்தால் ஊரில் மற்றவர்களுக்கு வெயில் கவலை. எனக்கு அடுத்தவர் பிள்ளைகளின் வீட்டுப்பாடக் கவலை. முன்பெல்லாம் லீவு விட்டதும் பள்ளிக்கூடம் பிள்ளைகளை மறந்துவிடும். அந்தப் பெருந்தன்மை இப்போது எந்தப் பள்ளிக்கும் கிடையாது.

என் மகள் படிக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளி, மூன்றாவது முடித்து நாலாவது போகிற பிள்ளைகளுக்காக வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பியது. அடுத்த மிஸ்ஸைச் சந்திக்கத் தயாராகுங்கள் என்று தலைப்பு, பக்கத்தில் பலூன் படம் வேறு. 'என்னைப் பற்றி' என்ற தாளை நிரப்பி முன்கூட்டியே பள்ளி ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். பிறகு, தன்னைப் பற்றிச் சொல்கிற மூன்று பொருட்களை ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு, பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை நேரில் போய் மிஸ்ஸிடம் காட்டிப் பேச வேண்டும். எல்லாவற்றையும் பிள்ளையே செய்ய வேண்டும், பெற்றோர் கை வைக்கக் கூடாது என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். என் கடைக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அந்தத் தடித்த எழுத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

முதலில் வந்தவர் ஏதோ அரசாங்க ஆபீஸில் இருப்பவர். சட்டைப் பையில் இரண்டு பேனா. தாளை நீட்டி, "இத நல்லா கலர்ல டைப் பண்ணிக் குடுத்துடுங்க மேடம்" என்றார். பிள்ளை எங்கே என்று கேட்டேன். டான்ஸ் கிளாஸில் இருக்கிறதாம். சரி, பிள்ளைக்குப் பிடித்த நிறம் என்ன என்று கேட்டேன். மனிதர் யோசித்தார். மனைவிக்குப் போன் போட்டார். மனைவிக்கும் தெரியவில்லை, டியூஷன் மிஸ்ஸிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். பெற்ற பிள்ளைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பது தெரு முனை டியூஷனில் போய்க் கேட்க வேண்டிய ரகசியமாகிவிட்டது. நான் நீலம் என்று போட்டேன். "ஆங், புளூதான், கரெக்ட்" என்று அவர் தலையாட்டினார்.

அடுத்த கேள்விதான் பெரிய வில்லங்கம். 'புது வகுப்பை நினைத்தால் எனக்கு எதைக் கண்டு பயம்?' என்று தாளில் இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. "பயமா? எம்புள்ளைக்கு பயமே கெடையாதுன்னு போடுங்க" என்றார். காலியாக விட்டால் மிஸ் ஏதாவது நினைப்பார்களே என்றேன். அப்படியானால் நீங்களே ஏதாவது நல்ல பயமாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள் என்று சொல்லி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்ல பயம். நானும் யோசித்துப் பல்லி என்று போட்டேன். பல்லிக்குப் பயப்படுவது குடும்ப மானத்தைக் கெடுக்காது.

ஹாபி என்று இன்னொரு கட்டம் இருந்தது. உண்மையைச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளின் ஹாபியும் அப்பாவின் போனைப் பிடுங்கிப் பார்ப்பதுதான். அதை எழுத முடியுமா? பேர்ட் வாட்சிங் என்று போட்டேன். பார்க்கப் படித்த குடும்பம் மாதிரி இருந்தது. அடுத்து வந்த அம்மா அந்தத் தாளை ஸ்கிரீனில் பார்த்துவிட்டு, "இதே மாதிரியே எம்பொண்ணுக்கும் போட்டுடுங்க, பேர மட்டும் மாத்திக்குங்க" என்றார். அன்றிலிருந்து நான் யாரையும் எதுவும் கேட்பதை விட்டேன். பெயரை மாற்றுவேன், போட்டோவை மாற்றுவேன், பிரின்ட் போடுவேன். கடலூரில் இருக்கும் என் அக்கா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்ததால், அங்கே அதே பள்ளியின் இன்னொரு கிளையில் படிக்கும் பிள்ளைகளுக்கும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தது. மஞ்சக்குப்பத்தில் காக்காயை நிமிர்ந்து பார்த்திராத பிள்ளைகள் எல்லாம் என் புண்ணியத்தில் பறவை பார்க்க ஆரம்பித்தார்கள்.

மூன்று பொருளையும் என் தலையில்தான் கட்டினார்கள். தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லும் பொருளைக் கடையில் வாங்க வருகிறவர்களிடம் என்ன பேசுவது? உலக உருண்டை போட்ட ஷார்ப்பனர், சின்ன தேசியக் கொடி, ஒரு பிளாஸ்டிக் பைனாகுலர் என்று செட்டாகவே கட்டி வைத்தேன். பைனாகுலர் ஹாபிக்குப் பொருத்தம். அதில் பார்த்தால் எதிரில் இருப்பதும் சரியாகத் தெரியாது, ஆனால் கழுத்தில் மாட்ட நல்ல கயிறு உண்டு.

கிள்ளைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்ததைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மகளையும் கூடவே கூட்டி வந்திருந்தாள். முதல் தாளில் குழம்பு கொட்டிவிட்டதால் வெறும் தாள் ஒன்று ஜெராக்ஸ் வேண்டுமாம். டைப் பண்ணித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பேனா இருந்தால் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். ஜெராக்ஸ் மெஷினை அடைத்துக்கொண்டு நின்று, மகளை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளை பதில் சொல்ல ஒரு யுகம் ஆனது. இவளோ பதில் வரும்வரை அசையவே இல்லை. பின்னால் ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கொஞ்சம் நகருங்கள் என்றேன். "இரு அக்கா, புள்ள யோசிக்குது" என்று என்னையே அடக்கினாள். கடைசியில் அந்தப் பிள்ளை, நாலாவது வகுப்பில் இருக்கும் ஃபேன் ஆடிக்கொண்டே சுற்றுகிறது, தலையில் விழுந்துவிடும் என்று பயம் என்றது. அதையும் அப்படியே கோணல் கையெழுத்தில் எழுத வைத்தாள். ஃபேனாம். நல்லதாக ஒரு பல்லியை நான் தந்திருப்பேனே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். போகும்போது என் பேனாவையும் கொண்டுபோய்விட்டாள்.

இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் எனக்கும் ஒன்று இருந்தது. லீவு விட்ட நாளிலிருந்து நாலாவது வேண்டாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவதையே இன்னொரு தரம் படிக்கிறேன் என்றாள். ஃபெயில் ஆகாமல் எப்படிடி என்று கேட்டால், ஃபெயில் போடச் சொல்லு என்றாள். ஜூன் நெருங்க நெருங்கச் சாப்பாடு குறைந்தது. காலையில் வயிறு வலி என்றாள். புது மிஸ், பள்ளி அனுப்பிய வீடியோவில் பார்க்க நல்லவராகத்தானே இருக்கிறார் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வெயில் காலத்தில் லீவு முடியப் போகிறதென்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் வயிறு வலிக்காது என்று விட்டுவிட்டேன். அவள் அப்பாவுக்குக் கடலூரில் வேலை, பஸ் பிடித்துப் போய் வருவதிலேயே அவர் பொழுது போய்விடும். ஆகவே வயிறு வலியை விசாரிக்கும் இலாகா முழுக்க என்னுடையது. விசாரிக்கத்தான் இல்லை.

தாளைக் கொடுக்கக் கடைசி நாளன்று அவள் கடைக்கு வந்து, நானே எழுதுகிறேன் என்று கையை நீட்டினாள். அவள் எழுத்து எனக்குத் தெரியும். கடைக்காரி பிள்ளையின் தாள் எல்லாவற்றையும்விட மட்டமாக இருந்தால் நாளைக்கு எவர் நம் கடைக்கு வருவார்? "நீ கோணலா எழுதுவ, தள்ளு" என்று சொல்லிவிட்டு, ஸ்கிரீனில் இருந்த யாரோ ஒரு பிள்ளையின் பெயரை அழித்து என் மகள் பெயரை அடித்தேன். நிறம் நீலம், பயம் பல்லி, ஹாபி பேர்ட் வாட்சிங். பைக்குள் செட்டையும் போட்டேன். ஊரையே நக்கல் செய்துகொண்டிருந்தவள் செய்த வேலை இது. அப்போது ஒன்றும் உறுத்தவில்லை.

சனிக்கிழமை போனோம். நாலைந்து பெற்றோர் பிள்ளைகளோடு ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்கள். வகுப்பறையில் ஏணி போட்டு ஒருவர் ஃபேனைக் கழற்றி முடுக்கிக்கொண்டிருந்தார். மிஸ் சின்னப் பெண், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வணக்கம் சொன்ன கையோடு, "இருபத்தாறு பேருக்குப் பல்லி பயம் மேடம். ஒருத்திக்கு மட்டும் ஃபேன். அவ சொன்னதுக்கப்புறம் நின்னு பாத்தா நெஜமாவே ஆடுது" என்றார். என் கடை அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. நான் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் பையைப் பிரித்தாள். பைனாகுலரைப் பார்த்ததும் மிஸ் முகம் மலர்ந்தது. ஹாபி கட்டத்தை அத்தனை தாளிலும் படித்த பிறகும் அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் மேல் நம்பிக்கை போகவில்லை. அவருக்கு நிஜமாகவே பறவை என்றால் ஆசையாம். "வா, ஒண்ணு காட்டுறேன்" என்று ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். பின்பக்கத்து மதில் மேல் மயில் ஒன்று உட்கார்ந்திருந்தது. நீளமான தோகை மதிலின் இந்தப் பக்கம் பாதி உயரம்வரை தொங்கியது. குருடன்கூடப் பார்த்துவிடுவான் என்று நான் நினைத்தது நினைவிருக்கிறது.

"செவுத்து மேல என்ன இருக்குது சொல்லு" என்றார் மிஸ்.

என் மகள் பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள், எடுத்தாள். ஜன்னலைப் பார்க்கவில்லை, மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "கிளி மிஸ்" என்றாள்.

எனக்கு மானம் போனது. இதுகூடத் தெரியவில்லையா, என்னை இத்தனை பேர் நடுவில் அவமானப்படுத்த வேண்டுமென்றே சொல்கிறாளா என்று பல்லைக் கடித்தேன். மிஸ் சிரிக்கவில்லை. போன வருஷம் எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டார். முதல் பெஞ்சில், பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுவேன் என்று இவள் சொன்னாள். மிஸ் குனிந்து, தாளில் இருந்த பல்லியை விரலால் தொட்டுக் காட்டி, இது நிஜமா என்றார். இவள் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாலாவதுல ஹைட்டு வச்சி ஒக்கார வப்பாங்கன்னு சொன்னாங்க மிஸ். நான் கடைசி பெஞ்சுக்குப் போயிடுவேன். அங்கேருந்து போர்டுல ஒண்ணுமே தெரியாது."

இதுதான் அந்த வயிற்று வலி. ஒரு மாதம் பூரா அவள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தது இதற்காக. அதைக் கேட்டு வாங்கத்தான் பள்ளிக்கூடம் ஒரு கட்டம் போட்டு அனுப்பியிருந்தது. பலூன் படம் போட்ட அந்தத் தாளை எவ்வளவு கேவலமாக நினைத்தேன். அந்தக் கட்டத்தில் என் பிள்ளை எழுத வந்ததைத் தள்ளிவிட்டு நானே ஒரு பல்லியை உட்கார வைத்தேன். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தால்கூடத் தேவலை என்று இருந்தது, அதுவும் வரவில்லை. முதல் பெஞ்சு உனக்குத்தான், எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி என்று மிஸ் அவளிடம் சொன்னார். என்னிடம், கண் டாக்டரைப் பாருங்கள் மேடம் என்று மட்டும் சொன்னார். அதைத் தன்மையாகத்தான் சொன்னார். திட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை, பள்ளி திறக்கிற முதல் நாளே லீவு சொல்லி, கடையைப் பூட்டிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கடலூர் போனேன். பிள்ளைகளுக்குக் கண் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று அக்கா ஒரு டாக்டரைச் சொல்லியிருந்தாள். வயதானவர், கம்ப்யூட்டர் எதுவும் இல்லை, பேனாவால் எழுதுகிறவர். மகளை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். மேலே இருந்த பெரிய எழுத்துக்கு அடுத்த வரியிலேயே அவள் நின்றுவிட்டாள். டாக்டர் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"ஒரு ரெண்டு மாசமாத்தான் டாக்டர்" என்றேன். யோசிக்கவே இல்லை. கேட்ட உடனே வாயில் வந்துவிட்டது. அவரும் எழுதிக்கொண்டார்.

நாற்காலியிலிருந்து என் மகள் சொன்னாள். "இல்ல டாக்டர். ரெண்டாவது படிக்கிறப்பலேருந்து. அம்மாகிட்ட சொன்னேன். டிவி ஜாஸ்தி பாக்குறன்னு திட்டுனாங்க."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, அவள் சொன்னதை எழுதினார். தலை வலிக்குமா, எப்போது வலிக்கும், ராத்திரி எப்படித் தெரிகிறது என்று இன்னும் எவ்வளவோ கேட்டார். எல்லாவற்றையும் அவளிடமே கேட்டார்.