மிச்சம் எட்டுக் கட்டு

என் குசினி மேசை லாச்சியில், பழைய சாவிகளுக்கும் மெழுகுதிரிக் கட்டைகளுக்கும் இடையில் ஒரு தேயிலைப் பேணி கிடக்கிறது. அதற்குள் எட்டுச் சிவப்பு றப்பர் வளையங்கள். மகள் ஒருநாள் பின்னலுக்குப் போட அதில் ஒன்றை எடுத்தாள். நான் போட்ட சத்தத்தில் அதைத் திரும்ப வைத்துவிட்டு அன்று முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. ஒரு றப்பர் வளையத்துக்காக யாராவது இப்படிக் கத்துவார்களா என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வாயெடுத்தேன், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சோற்றைப் பார்க்கப் போய்விட்டேன். இன்றைக்கும் அது எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்த மட்டில் எழுதிப் பார்க்கிறேன்.

வின்டர்தூரில் ரயில் ஏறி, பிறகு மஞ்சள் தபால் பேருந்தில் இருபது நிமிடம் போனால் வருகிற ஒரு கிராமத்தில் அந்த மரக்கறித் தோட்டம் இருந்தது. கலியாணம் முடித்து சுவிசுக்கு வந்த இரண்டாம் வருடம், என் முதல் வேலை அங்கேதான். மாசியில் தொடங்கி ஐப்பசி வரை அங்கே சிவப்பு முள்ளங்கி. பெரிய கோலிக்குண்டு அளவில், இலையோடு பிடுங்கி, பதினைந்தைச் சேர்த்து ஒரு கட்டாக்கி, கழுத்தில் றப்பர் வளையம் போட வேண்டும். முப்பது கட்டு ஒரு பெட்டி. இதைச் செய்ய மெஷின் இல்லையா என்று ஊரிலிருந்து அம்மா கேட்டா. வெங்காயத்துக்கும் கிழங்குக்கும் மெஷின் உண்டு, எங்கள் கட்டுக்கு முழங்காலும் விரலும்தான் என்று சொன்னேன். சுவிசுக்குப் போயும் முழங்காலில் நிற்கிறாயா என்று சிரித்தா.

அந்த வேலையை எனக்குப் பழக்கியவரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். கூட வேலை செய்த இரண்டு போர்த்துக்கேயப் பெண்களும், தோட்டத்துக்காரரும்கூட அவரை ‘அண்ணை’ என்றே கூப்பிட்டார்கள். அதுதான் அவருடைய பெயர் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அவரும் திருத்தவில்லை. வன்னிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், வாய் திறப்பதே குறைவு. பெட்டி தொடங்கும்போது முப்பது வளையங்களையும் இடது மணிக்கட்டில் அடுக்கிக்கொள்வார், கலியாணப் பொம்பிளை காப்பு அடுக்கினது மாதிரி. ஒவ்வொரு கட்டுக்கும் ஒன்று கழலும். கை வெறுமையானால் பெட்டி நிறைந்தது, எண்ணத் தேவையில்லை. நான் எண்ணி எண்ணிப் பிழைவிட்டு, இருபத்தெட்டில் பெட்டியை மூடி, அவரிடம் பிடிபட்ட பிறகுதான் அந்த வழக்கத்துக்கு மாறினேன். “தங்கச்சி, வாய் எண்ணினா கதையில மறந்துபோகும். கை எண்ணட்டும்” என்றார். என் வாயைப் பற்றி இதைவிட மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

அண்ணை அகதி விண்ணப்பம் போட்டு முடிவுக்காகக் காத்திருந்தவர். காத்திருக்கும்வரை வேலை செய்ய அனுமதி இருந்தது. நான் சேர்ந்து மூன்றாம் வருடம் முடிவு வந்தது: நிராகரிப்பு. மேன்முறையீடும் தோற்றது. நாட்டைவிட்டுப் போகவேண்டும், அதுவரை முகாமில் இருக்கலாம், வேலை மட்டும் செய்யக்கூடாது என்று கடிதம் வந்தது. முன்பெல்லாம் இப்படியானவர்கள் தோட்டங்களில் தொடர்ந்து நிற்பதை அதிகாரிகள் கண்டும் காணாமலும் விட்டார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தக் காலம் முடிந்துகொண்டிருந்தது. எங்களுக்குத்தான் அது விளங்கவில்லை.

தோட்டத்துக்காரரை ஷெஃப் என்று கூப்பிடுவோம், அங்கே முதலாளிக்கு அதுதான் சொல். அவர் சட்டத்துக்குப் பயந்த மனிதர். கிராமத்துக்குள் ட்ராக்டர் ஓட்டும்போதுகூட வேகப் பலகையைப் பார்த்து ஓட்டுவார். முதலில் அண்ணையை நிறுத்திவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பிய ஆட்களை எடுத்தார். ஒருவர் பத்துமணி இடைவேளைக்குப் போய் வரவில்லை. இன்னொருவர், நல்ல பிள்ளை, மூன்றாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். முள்ளங்கி யாருக்காகவும் காத்திராது. சூட்டில் நாலு நாள் பிந்தினால் உள்ளே சக்கையாகிவிடும். ஒரு திங்கட்கிழமை விடிய, முகாமிலிருந்து சைக்கிளில் அண்ணை வந்து நின்றார். ஷெஃப் வளையப் பெட்டியைத் தூக்கி அவரிடம் கொடுத்தார். நான் சந்தோஷப்பட்டேன். இது சரியா பிழையா என்று அன்றைக்கு எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. பிறகு, நீண்டகாலம் இங்கே இருந்தவர்கள் மனிதாபிமான அடிப்படையில் வதிவிட அனுமதி கேட்கலாம் என்று ஆலோசனை நிலையப் பெண் ஒருவர் அண்ணைக்குச் சொன்னார். நல்லவர், உழைக்கக்கூடியவர் என்று காட்டக் கடிதங்கள் வேண்டும். ஷெஃப் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்து எழுதினார். தபாலில் போடுமுன், கொட்டிலில் மத்தியானச் சாப்பாட்டின்போது என்னிடம் தந்து, “அவருக்கு இதைத் தமிழில் வாசித்துக் காட்டு. தன்னைப் பற்றி என்ன போகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்” என்றார்.

வாசித்தேன். அந்தக் கொட்டிலில் கடித ஜெர்மன் தெரிந்த ஒரே தமிழ் ஆள் நான், அந்தப் பெருமை என் குரலில் இருந்திருக்கும். ஒழுங்கானவர், கையில் நிதானம் உள்ளவர் என்றெல்லாம் எழுதியிருந்தது. பிறகு ஒரு வரி: “ஆறு வருடங்களில் அவர் ஒருநாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை, இன்றுவரை வருகிறார்.” இடையில் அவரை நிறுத்தியிருந்த மூன்று கிழமையை ஷெஃப் கணக்கில் எடுக்கவில்லை, அது அண்ணையின் குற்றம் இல்லையாம். அந்த ‘இன்றுவரை’யில் என் நாக்கு ஒரு கணம் நின்றது. அது நன்றாக நினைவிருக்கிறது. “அண்ணை, இப்பவும் வாறீங்கள் எண்டு எழுதியிருக்கு. அது பரவாயில்லையோ?” என்று கேட்டேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

“உண்மைதானே” என்றார். பிறகு, “இன்னொருக்கா வாசியுங்கோ” என்றார்.

இன்னொருமுறை வாசித்தேன். “இருக்கட்டும், தங்கச்சி.”

அந்த ‘இருக்கட்டும்’தான் என்னைப் பிடித்துவைத்திருக்கிறது. ஆபத்து விளங்காமல் சொன்னாரா? விளங்கியும், தன்னைப் பற்றி இந்த நாட்டில் ஒருவர் கைப்பட எழுதிய அந்த ஒரு வரியை வெட்ட மனமில்லாமல் சொன்னாரா? ஷெஃபிடம் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழகாக எழுதியிருக்கிறார், நான் யார் திருத்த, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிதத்தைத் தபாலில் போட்டதும் நான்தான்.

பதில் நாலு மாதத்தில் வந்தது. தொழில்தருநரின் கடிதத்தின்படியே விண்ணப்பதாரர் தடையை மீறி வேலை செய்கிறார், ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அடுத்த கிழமை, பனி காயாத ஒரு காலையில், வயல் ஓரத்தில் இரண்டு கார்கள் வந்து நின்றன. இரண்டு அதிகாரிகள், ஒரு பெண் பொலிஸ். யாரும் சத்தம் போடவில்லை, யாரையும் தள்ளவில்லை. எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னார்கள். அவர்கள் முரடர்களாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு குழப்பம் இருந்திராது என்று சிலவேளை நினைப்பேன்.

அண்ணை எழும்பவில்லை. கையில் இருந்த கட்டை முடித்துப் பெட்டியில் வைத்தார். “இந்தப் பெட்டிய முடிச்சிட்டு வரலாமோ எண்டு கேளுங்கோ” என்றார். நான் மொழிபெயர்த்தேன். மூத்த அதிகாரி தன் மணிக்கூட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், உண்மையாகவே யோசித்தார். பிறகு, மன்னிக்கவும், முடியாது என்றார். அண்ணை மணிக்கட்டில் மிச்சமிருந்த வளையங்களை ஒன்றொன்றாகக் கழற்றி என் கையில் போட்டார். “எட்டு இருக்கு. வெயில் ஏற முந்திக் கட்டிவிடுங்கோ, இலை வாடிடும்.” அவ்வளவுதான் சொன்னார். கார்க் கதவு மூடும்போது அவருடைய முழங்காலில் ஈர மண் இருந்தது. அது கார் சீற்றில் பட்டுவிடும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் மனம் எதையெல்லாம் நினைக்கிறது பாருங்கள்.

நான் அந்த எட்டுக் கட்டைக் கட்டவில்லை. எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு வதிவிட அட்டைகளைச் சரிபார்த்து, ஷெஃபை விசாரித்து முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. திரும்பி வந்தபோது பெட்டியில் இருந்த இருபத்திரண்டு கட்டும் தலை தொங்கிக் கிடந்தன. ஷெஃப் வரப்பில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்: “நான் பொய் எழுதியிருக்க வேண்டுமா?” கோபமாகக் கேட்கவில்லை. என்னிடம் பதில் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டார்.

மூன்று பெண்களால் முடிந்ததைப் பிடுங்கினோம். மிச்சம் நிலத்திலேயே வெடித்து, சக்கையாகி, பூத்தது. முள்ளங்கிப் பூ வெள்ளையும் ஊதாவுமாக அழகாகத்தான் இருந்தது. வீதியால் போனவர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஷெஃப் உழுது மூடினார். அவருக்குத் தண்டமும் வந்தது. அடுத்த வருடம் முழுக்கச் சோளம் போட்டார், மாட்டுத் தீவனத்துக்கு. விதைக்கவும் வெட்டவும் மெஷின் போதும். போர்த்துக்கேயப் பெண்கள் வேறு ஊர் போனார்கள். நான் நகரத்து ஆஸ்பத்திரிச் சமையலறையில் சேர்ந்தேன்.

அங்கே காலையில் சலாதுக்கு முள்ளங்கிக் கட்டை அவிழ்ப்பது என் வேலை. அதே சிவப்பு வளையம், பெட்டியில் வேறொரு நாட்டின் பெயர். அந்த நாட்டில் முழங்காலில் நின்று இதைக் கட்டியவரிடம் என்ன அட்டை இருக்கும் என்று யோசிப்பேன். யோசித்துக்கொண்டே வெட்டுவேன், நோயாளிகளுக்குப் பதினொன்றரைக்குச் சாப்பாடு போகவேண்டும்.

இப்போது எனக்குச் சுவிஸ் கடவுச்சீட்டு இருக்கிறது. வெளிநாட்டவர் விதிகளை இறுக்குவதா என்று கேட்டு வாக்குச்சீட்டு உறை ஒன்று வந்திருக்கிறது. என் கணவர் இறுக்கத்தான் வேணும் என்கிறார். “ஒழுங்கு எண்டால் எல்லாருக்கும் ஒழுங்குதான்.” தானும் பத்து மாதம் அகதி முகாமில் இருந்து, கம்பளிப் போர்வைக்கு வரிசையில் நின்றவர் என்பதை அவர் எந்த வருடம் மறந்தார் என்று கேட்க நினைத்தேன். ஆனால் ஒழுங்கு வேண்டாம் என்று நானும் சொல்லமாட்டேன், மகளுக்குத் தினமும் சொல்வதே அதைத்தான். உறை நிரப்பாமல் லாச்சிக்குள் கிடக்கிறது, தேயிலைப் பேணிக்கு மேல்.

போன தைப்பொங்கல் அன்று அண்ணை ஃபோன் எடுத்தார். இங்கிருந்து திருப்பி அனுப்பிக் கொழும்பில் இறங்கியதும், இரண்டு நாள் விசாரித்துவிட்டு விட்டார்களாம். இப்போது வவுனியாவுக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் வேலை. ஷெஃபைப் பற்றிக் கேட்டார், குளிரைப் பற்றிக் கேட்டார். கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த ‘இருக்கட்டும்’ பற்றி இன்றைக்குக் கேட்டுவிடுவோம் என்று நானும் வாய்வரை கொண்டுவந்தேன். அதற்குள் அவர் கேட்டார்:

“தங்கச்சி, அண்டைக்கு அந்த எட்டுக் கட்டும் கட்டினீங்களோ?”

பேணி என் முன்னால் திறந்திருந்தது. எட்டும் உள்ளேயே கிடந்தன.

“ஓம் அண்ணை, கட்டினனான்.”

“வாடேல்லையே?”

“இல்லை. வெயிலுக்கு முந்தியே பெட்டி போயிட்டுது.”

“காணும், அது போதும்” என்றார். அவருடைய குரலில் அப்படி ஒரு நிம்மதியை அந்த வயலில்கூட நான் கேட்டதில்லை.