கழுத்துப் பட்டையை மாட்டியவள்

எங்கள் வீட்டு நாயின் கழுத்தில் அந்தப் பட்டையை மாட்டியது நான்தான். மாமா கொண்டுவந்தார், அப்பா மாட்டச் சொன்னார், அக்கா நாயின் தலையைப் பிடித்துக்கொண்டாள், எல்லாம் சரி. கொக்கியைத் துளையில் விட்டு இறுக்கி இழுத்தது என் விரல். பழியை வேறு யார் மேலாவது போட்டுப் பார்த்திருக்கிறேன். யார் மேலும் அது நிற்கவில்லை.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருந்த சமயம். நாங்கள் நாசரேத்துப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள், ஊர்ப்பேச்சில் வேதக்காரர்கள். அப்பாவுக்கு இங்கே ஹெட்மாஸ்டர் வேலை. மில்லுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் ஒரு தெருவில் வாடகை வீடு. அம்மா தவறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அப்பா, அக்கா, நான், ஒரு செவலை நாய். அக்காவுக்கு இருபத்தாறு, எனக்கு இருபது. நான் காலேஜில் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன், அந்தத் திமிர் வேறு.

அக்காவுக்கு வலிப்பு உண்டு. இந்த ஒரு வரியை எழுத எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது. ‘களைப்பு’ என்போம். அக்காவுக்கு இன்றைக்குக் களைப்பு வந்தது என்றால், அவள் தரையில் கிடந்து கைகால் வெட்டி, பல்லைக் கடித்து, நுரை தள்ளி, அப்புறம் ஒரு மணி நேரம் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள் என்று அர்த்தம். மாசத்துக்கு ஒரு தடவை வரும், சில மாசம் இரண்டு. மாத்திரையை உளுந்து டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தோம். வெளியே தெரிந்தால் அவளுக்குக் கல்யாணம் ஆகாது. அப்பாவுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

நாய்க்கு வாய் அதிகம். தபால்காரர், மீன்காரி, உப்பு வண்டி, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பார்த்துக் குரைக்கும். குடும்ப ஜெபத்தில் அப்பா ‘பரம பிதாவே’ என்று தொடங்கினால் அதுவும் கூடவே தொடங்கிவிடும். இதெல்லாம் எல்லா நாயும் செய்கிறதுதான். அக்காவைப் பார்த்துக் குரைப்பதுதான் வேறு மாதிரி. அவள் எங்கே இருந்தாலும் தேடி வந்து, எதிரே நாலு காலையும் ஊன்றி நின்று, நேராக அவள் முகத்தைப் பார்த்து விடாமல் குரைக்கும். அதட்டினாலும் அடங்காது. சோறு வைக்கிற கையைப் பார்த்தே குரைக்கிறது, நாய்க்கு நன்றி உண்டு என்று எவன் சொன்னான் என்று அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்து வீட்டில் பலசரக்குக் கடைக்காரர் குடும்பம். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர்தான், அதனால் அவளிடம் மட்டும் எதையும் மறைக்க முடியவில்லை. அவளும் வெளியே மூச்சு விட்டதில்லை. ஒரு தடவை அக்காவுக்கு வந்தபோது சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்து அக்கா கையில் திணித்தாள். அப்பா அதைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, இரும்பைப் பிடித்தால் இது நிற்கும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, இதெல்லாம் அறியாமை என்றார். அதில் அப்பா சொன்னது சரிதான். அந்தச் சரிதான் எங்களைக் கெடுத்தது.

ஏனென்றால் அடுத்த மாசம் அதே மதினி வந்து இன்னொன்று சொன்னாள்.

“சார்வாள், ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. அந்த நாய் பிள்ளை மூஞ்சியப் பார்த்துக் குரைக்குதுன்னா, செத்த நேரத்துல பிள்ளைக்கு வந்திருது. நாலு தடவை பார்த்துட்டேன்.”

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்தால் முதலில் அதைத்தான் செய்வார். “அம்மா, நாங்க வேதக்காரங்க. சகுனம் பார்க்கிறது எங்களுக்கு விலக்கு” என்றார். நான் சகுனமா சொன்னேன் என்று முனகிக்கொண்டே மதினி போய்விட்டாள். நான் சிரித்தேன். ‘நாய் ஜோசியம்’ என்று அதற்குப் பேரும் வைத்தேன். ஒரு மனுஷி நாலு தடவை பார்த்தேன் என்று எண்ணிச் சொல்கிறாள். ஐந்தாவது தடவை நாமும் பார்ப்போமே என்று பி.எஸ்சி. படிக்கிறவளுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. சாவிக்கொத்து சொன்ன வாய்தானே என்று விட்டுவிட்டேன். அக்கா அப்போது அரிவாள்மணையில் வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை.

அந்த வருஷம் சாத்தான்குளத்திலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையும் வாத்தியார். சனிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அப்பாவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அக்காவின் களைப்பைக்கூட ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒரு ஜெபத்தில் ஒதுக்கிவிட்டார். நாயைத்தான் ஒதுக்க முடியவில்லை. வந்தவர்கள் முன்னால் அது பெண் முகத்தைப் பார்த்துக் குரைத்தால்? வருகிறவர்களும் வேதக்காரர்கள்தான், ஆனாலும் நாய் குரைத்த பெண் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அவ்வளவுதான்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை பார்த்தார். கப்பலுக்குக் கப்பல் ஏறி இறங்குகிறவர். வெளிநாட்டுக் கப்பலில் ஒரு அதிகாரி கொடுத்தான் என்று அந்தப் பட்டையைக் கொண்டுவந்தார். கறுப்புத் தோல், நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, உள்பக்கம் இரண்டு இரும்புக் குமிழ். பெட்டிக்குள் பேட்டரி. நாய் குரைத்தால் அந்தச் சத்தத்துக்கே குமிழ் வழியாகக் கழுத்தில் ஷாக் அடிக்கும். குரைக்காவிட்டால் ஒன்றும் செய்யாது. இரண்டு நாளில் நாய் தானாகப் படித்துக்கொள்ளும், அந்த நாட்டில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள் என்றார் மாமா. மணிக்கட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு “ஏலே” என்று ஒரு சத்தம் போட்டார், போட்ட வேகத்தில் துள்ளினார். அப்புறம் என் கையிலும் வைத்துக் காட்டினார். முழங்கை எலும்பு சுவரில் இடித்தால் சுண்டுவிரல் வரை ஒன்று ஓடுமே, அதைப்போல மூன்று மடங்கு. அது எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் மாட்டினேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மதினி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அதுக்குப் பேச இருக்கிறதே அது ஒண்ணுதான். அதையும் பூட்டுதியளா?” என்றாள். அப்பா என்னைப் பார்த்து, மாட்டு என்றார். எனக்கே ஒரு நிமிஷம் மனசு ஒப்பவில்லை. நீ என்ன சொல்லுத என்று அக்காவைக் கேட்டேன். அப்பா சொன்னால் சரிதான் என்றாள். தானே போய் நாயைக் கூட்டிவந்து, உட்கார்ந்து, அதன் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா ஒன்றை யோசிக்கவில்லை. அந்தப் பெட்டிக்கு நாயின் சத்தம், ஊரின் சத்தம் என்ற வித்தியாசம் தெரியாது. எங்கள் தெருமுனையில் மில். மூன்று வேளையும் மில் சங்கு ஊதும், வீட்டுப் பாத்திரம் அதிரும். சங்கு ஊதும்போதெல்லாம் நாய் வாயைத் திறக்காமலே துடித்தது. சுவரில் போய் மோதியது, கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. எதற்கு அடி விழுகிறது என்று அதற்கும் புரியவில்லை, எதற்குத் துடிக்கிறது என்று எங்களுக்கும் உடனே புரியவில்லை. புரிந்த பிறகும் சனிக்கிழமை வரைக்கும்தானே என்று விட்டோம்.

சனிக்கிழமை நல்லபடியாக நடந்தது. வீடு அமைதியாக இருக்கிறதே என்று மாப்பிள்ளையின் அம்மா பாராட்டினாள். அக்காவைப் பிடித்துப் போயிற்று. ஒரு மாசத்துக்குள் கல்யாணம். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாராவது இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், எல்லார் முன்னாலும் கேட்பார். மூன்று ஓலையும் வாசித்து முடிகிறவரை வீட்டுக்கு ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள், அதுவரை பட்டை இருக்கட்டும் என்றார் அப்பா. முதல் ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. இரண்டாம் ஓலைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து அக்காவின் கல்யாண ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா சோறு வடிக்கப் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். நாய் என்னைத் தாண்டி உள்ளே போனது. இரண்டு வாரமாகக் கட்டிலுக்கு அடியை விட்டு வராத நாய். போய் அவள் எதிரே நாலு காலையும் ஊன்றி நின்றது. வாய் திறந்தது. தொண்டை ஏறி இறங்கியது. உடனே வாயை மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது, மறுபடி மூடியது. உடம்பெல்லாம் நடுங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? “சமத்து, படிச்சுக்கிட்டயே” என்று கொஞ்சினேன்.

ஊசிக்குக் குனிந்தேன். பானை விழுந்த சத்தம் கேட்டது. கொதிக்கிற கஞ்சியெல்லாம் அக்கா மேல். வலது கை, தோள், கழுத்தில் பாதி. அவள் அதிலேயே கிடந்து வெட்டிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன், மதினி சுவரேறிக் குதித்து வந்தாள். நாய் அப்போதும் குரைக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் அக்காவுக்குப் பேச்சு தெளிந்தது. பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன்.

“ஏளா, பட்டையக் கழட்டிட்டியா?” என்றாள்.

கழற்றவில்லை. அந்த அமளியில் யாருக்கும் நினைவே இல்லை. அதை எதற்கு இப்போது கேட்கிறாய் என்றேன்.

“அது குரைச்சா நான் உக்காந்துக்கிடுவேன். அடுப்பை அணைப்பேன், கையில இருக்கிறதக் கீழ வைப்பேன். ரெண்டு வருஷமா அப்படித்தான்.”

யோசித்துப் பார்த்தால் இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்குக் காயம் பட்டதில்லை. வந்தபோதெல்லாம் அவள் முன்பே தரையில்தான் இருந்திருக்கிறாள். அதை நாங்கள் கர்த்தருடைய கிருபை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஏன் சொல்லித் தொலைக்கவில்லை என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். வெந்து கிடக்கிறவளிடம். என் குணம் அப்படி.

“சொன்னா அப்பா சகுனம்பாக. நீ சிரிப்ப” என்றாள். அப்புறம், “எனக்கும் கல்யாணம் வேணும்னு இருந்துச்சுல்லா” என்றாள்.

வீட்டுக்கு ஓடினேன். பட்டையைக் கழற்றியபோது இரண்டு குமிழும் சதைக்குள் பதிந்து சீழ் வைத்திருந்தது. மஞ்சள் அரைத்துப் போட்டேன். பட்டையைக் கொண்டுபோய் உப்பளத்து ஓடையில் எறிந்தேன். அன்று சாயந்திரம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொள்ளவே வெகுநேரம் ஆனது. மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டாம் என்று மறுநாள் அவரே ஐயர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சாத்தான்குளத்துக்கு அதற்கு முன்பே விஷயம் போய்விட்டது.

அக்கா பிழைத்து வந்தாள். கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இப்போது எங்களுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான், நாய் குரைக்க வேண்டும். அது குரைக்கவில்லை. புண் ஆறியது, முடி முளைத்தது, குரல் வரவில்லை. தபால்காரர் வந்தால் கட்டிலுக்கு அடியில் போனது. மில் சங்கு ஊதினால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. மாமா பூனையைப் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார். மதினி கருவாட்டுத் தலையை ஆட்டிக் காட்டினாள். ம்ஹூம்.

ஒரு சாயந்திரம் நான் காலேஜிலிருந்து வந்தபோது வாசலில் செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றுவிட்டேன். அப்பா கூடத்துத் தரையில் முட்டி போட்டு, இரண்டு கையையும் ஊன்றி, நாயின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக் குரைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டைகூட மாற்றவில்லை. முதலில் மெதுவாக, அப்புறம் தெருவுக்கே கேட்கும்படி. “வள்... வள்... சொல்லு, ராசா. ஒரு தடவை சொல்லு” என்றார். மறுபடி குரைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்து நின்றாள். கட்டுப் போட்ட கை நெஞ்சோடு சேர்ந்திருந்தது. “போதும்ப்பா” என்றாள்.

நாய் அப்பாவை விட்டுவிட்டு அவளைப் பார்த்துத் திரும்பியது. வாயைத் திறக்கவில்லை. முன்னங்காலில் தொடங்கி உடம்பு முழுக்க நடுங்கியது. அப்பாவின் சத்தத்துக்குப் பயந்து நடுங்குகிறதா, அக்காவின் முகத்தில் எதையாவது பார்த்துவிட்டதா, தெரியவில்லை. அப்பா முட்டி போட்டபடியே இருந்தார், நான் ஒரு கால் செருப்போடு நின்றேன். நாயோடு சேர்த்து மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.